ஆட்டைப் பார்த்ததும் பறக்கும் நாய்: கூப்பிட்டதும் திரும்பி வர வைப்பது எப்படி?

ராஜபாளையம்:
வீட்டுக்குள் 'மணி' என்று கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும் நாய், தெருவில் ஆட்டைப் பார்த்துவிட்டால் காது கேட்காதது போல பறந்துவிடுகிறது. தொண்டை கிழிய கத்தினாலும் திரும்புவதில்லை. குறுக்கே மெயின்ரோடு இருந்தால் நாய் லாரியில் சிக்கும். திடீர் பிரேக் போடும் பைக்காரரும் விழுவார். ஆட்டைக் கடித்துவிட்டாலோ நஷ்டஈடு, தகராறு என்று போலீஸ் நிலையம் வரை போய்விடும்.

கண்ணை நம்பும் நாய்கள்

தென் மாவட்டங்களின் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை வேட்டைக்குப் பேர்போன இனங்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005-ம் ஆண்டு தபால்தலையே வெளியிடப்பட்டது. சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தைவிட கண்ணை நம்பி ஓடுபவை. எதிரே ஏதாவது ஓடினால் போதும், கால் தானாகப் பாய்ந்துவிடும். இது திமிர் அல்ல, பிறவிக் குணம். ஆனாலும் பொறுமையாகப் பழக்கினால் கூப்பிட்டதும் வரும்.

அடித்தால் அவ்வளவுதான்

பலர் செய்யும் தப்பு இதுதான். அரை மணி நேரம் அலையவிட்டு திரும்பி வந்த நாயை ஆத்திரத்தில் நாலு சாத்து சாத்துகிறார்கள். ஓடியதற்கு அடி என்று நாய்க்குப் புரியாது. 'கிட்ட போனேன், அடி விழுந்துச்சு' என்றுதான் புரியும். அடுத்த தடவை கிட்டவே வராது. எவ்வளவு தாமதமாக வந்தாலும் தட்டிக்கொடுக்க வேண்டும்.

பழக்கும் முறை

* முதலில் வீட்டுக்குள், பசி நேரத்தில் தொடங்குங்கள். பேரைச் சொல்லி 'வா' என்று ஒரே தடவை கூப்பிடுங்கள். வந்ததும் வேகவைத்த கோழி ஈரல் அல்லது முட்டைத் துண்டு கொடுங்கள். கடலைப்பருப்பு அளவு போதும்.

* அடுத்து ஆள் நடமாட்டம் இல்லாத காலி இடம். நெஞ்சுப் பட்டையில் 30 அடி கயிறு கட்டிக் கூப்பிடுங்கள். கழுத்தில் கட்டினால் ஓடும் வேகத்தில் சுண்டி, கழுத்தில் அடிபடும்.

* அதன்பிறகே ஆடு, கோழி, மற்ற நாய்கள். முதலில் நல்ல தூரத்தில் வைத்துப் பழக்குங்கள். சரியாக வந்தால் மட்டும் நெருங்குங்கள். வரவில்லை என்றால் மறுபடி தள்ளிப் போங்கள்.

* வந்த உடனே சங்கிலி போடாதீர்கள். பெரும்பாலும் தீனி கொடுத்து மறுபடி விளையாட விடுங்கள். 'வந்தால் ஆட்டம் முடிஞ்சுது' என்று நாய் நினைத்துவிடக் கூடாது.

துரத்தக்கூடாது

நாய் கைநழுவி ஓடிவிட்டால் பின்னாலேயே ஓடாதீர்கள். அது விளையாட்டு என்று நினைத்து இன்னும் வேகம் எடுக்கும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள். பல நாய்கள் திரும்பி நம்மைத் துரத்திக்கொண்டு வரும்.

தினமும் 5 நிமிடம், 2 வேளை போதும். வாரக்கணக்கில் விடாமல் பழக்க வேண்டும். குட்டி சீக்கிரம் கற்றுக்கொள்ளும். வளர்ந்த நாயும் கற்றுக்கொள்ளும். ஆனால் எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும் மெயின்ரோடு பக்கம் கயிறு இல்லாமல் விடவே கூடாது. ஒரு முயல் குறுக்கே ஓடினால் போதும், பழக்கியது எல்லாம் ஒரு நொடியில் மறந்து போகலாம்.