வேலை மேல் பாசம்... லாபம் யாருக்கு?

நினைவிழந்து மாதக்கணக்கில் கிடக்கும் நோயாளியின் அறை. தரையைத் துடைத்து முடித்த பெண், சுவரில் இருக்கும் படங்களைக் கழற்றி இடம் மாற்றி மாட்டுகிறார். சுற்றிலும் ஏதாவது மாறினால் அந்த உடம்புக்குள்ளும் ஏதாவது அசையாதா என்ற நப்பாசை! யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அமெரிக்க மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி ஆய்வாளர்கள் சொல்லும் கதை இது. இப்படிப்பட்ட பணியாளர்களை உதாரணம் காட்டி 2001-ல் இரண்டு பெண் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரைதான் 'ஜாப் கிராஃப்டிங்', அதாவது வேலையைத் தனக்கேற்ப வளைத்துக்கொள்வது, என்ற பேச்சையே கிளப்பியது. ஒரே மருத்துவமனை, ஒரே துடைப்பம். சிலர் சொன்னதைச் செய்துவிட்டு, யாரிடமும் முகம் கொடுக்காமல் கிளம்பினார்கள். வேறு சிலரோ வைத்தியம் பார்ப்பவர்களில் தாங்களும் ஒருவர் என்றே நினைத்தார்கள். வார்டு வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நேரம் பார்த்துத் துடைத்தார்கள். நோயாளிகளிடம் பேச்சுக் கொடுத்தார்கள். வழி தெரியாத வயதான பார்வையாளர்களை வண்டிவரை கொண்டுபோய் விட்டார்கள்.

பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதைக்குக் கைத்தட்டல் நிச்சயம். படம் மாட்டிய அம்மாவின் சம்பளச் சீட்டைப் பற்றி மட்டும் பேச்சே வராது.

2009-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வைப் பாருங்கள். அமெரிக்க, கனடிய உயிரியல் பூங்காக்களில் விலங்குகளைப் பராமரிப்பவர்கள் பற்றியது. பெரும்பாலோர் பட்டதாரிகள். சம்பளம் சொற்பம், சாணி அள்ள வேண்டும், கூண்டு கழுவ வேண்டும். இதற்காகவே பிறந்தோம் என்ற நினைப்பு கூடக்கூட, வேலையில் அர்த்தமும் கூடியது. கூடவே, சம்பளத்தையும் சொந்த நேரத்தையும் விட்டுக்கொடுக்கும் மனசும் கூடியது. நிர்வாகம் தங்கள் பற்றைக் காசாக்கிக்கொள்கிறதோ என்ற சந்தேகமும் அவர்களுக்கு இல்லாமலில்லை.

பற்றோடு உழைப்பவர்களுக்கு மனநிறைவு அதிகம் என்பார்கள். இருக்கட்டும். ஆனால், பாரத்தைக் குறைத்துக்கொள்வதும் வேலையைத் தனக்கேற்ப வளைப்பதுதான் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் பின்னால் சேர்த்தார்களே, பாசக்காரர்கள் எத்தனை பேர் அந்தப் பக்கம் போகிறார்கள்?

நம்மூர் அலுவலகங்களிலும் பார்க்கலாம். "அவர்கிட்ட குடுங்க, முகம் சுளிக்காம செய்வார்" என்று ஒருநாள் நீட்டிய ஃபைல், இரண்டு மாதத்தில் அவருடைய வேலையாகவே ஆகிவிடும். பதவி உயர்வுப் பேச்சு வரும்போதோ, அவர் இல்லாவிட்டால் இந்த செக்‌ஷனே ஓடாது என்று பாராட்டி, அதே நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள்.