சட்டம் போடாத தடை

சிறுவர்களைக் கெடுக்கும் வெளியீடுகளைத் தடுக்க 1955-இல் பிரிட்டன் சட்டம் இயற்றியது. 1956-இல் இந்தியாவும் அதையே செய்தது. அமெரிக்காவில் மத்திய அரசு அப்படி எதுவும் செய்யவில்லை. இருந்தும், ஓரிரு ஆண்டுகளில் காமிக்ஸ் மிக மோசமாக வெட்டுப்பட்டது அங்கேதான். இதற்கு மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாமையும், காமிக்ஸ் சிறுவர்களைக் கெடுக்கிறது என்று வாதிட்டு 1954-இல் வெளிவந்த அவரது ‘செடக்‌ஷன் ஆஃப் தி இன்னொசென்ட்’ நூலையும் வில்லனாக்குவது வழக்கம். அவருக்குப் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் எது கடைக்குப் போகலாம் என்பதைத் தீர்மானித்தவர்கள் மொத்த விநியோகஸ்தர்கள். தணிக்கைக்குப் பல் முளைத்ததும், பின்னாளில் அது விழுந்ததும் விற்பனை வழியைப் பொறுத்தே நடந்தன.

1954 ஏப்ரல் 21 அன்று நியூயார்க்கில், சிறார் குற்றங்களை விசாரித்த செனட் துணைக்குழுவின் முன் ஈசி காமிக்ஸ் பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் உட்கார்ந்திருந்தார். செனட்டர் எஸ்டஸ் கீஃபாவர் ‘க்ரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்’ 22-ஆம் இதழை எடுத்துக் காட்டினார். அட்டையில் ஒருவன் ஒரு கையில் கோடாலியும், மறு கையில் தலைமுடியைப் பற்றித் தூக்கிய பெண்ணின் வெட்டுண்ட தலையுமாக நிற்கிறான். இது நல்ல ரசனையா என்ற கேள்விக்கு, திகில் இதழின் அட்டைக்கு நல்ல ரசனைதான் என்றார் கெய்ன்ஸ். தலையை இன்னும் உயர்த்தி ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் தவறு என்று விளக்கமும் கொடுத்தார். மறுநாள் அது நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. அரசு தலையிடும் முன் தாங்களே முந்திக்கொள்ள நினைத்த பதிப்பாளர்கள் சங்கம் அமைத்து, காமிக்ஸ் கோடு என்ற விதித்தொகுப்பை எழுதி, அட்டையில் ஒப்புதல் முத்திரை குத்தத் தொடங்கினார்கள். காகிதத்தில் அது விருப்பம்போல் ஏற்கும் ஏற்பாடு. நடப்பில், முத்திரை இல்லாத ஈசியின் கட்டுகள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்பும் வசதி விநியோகஸ்தருக்கு இருந்தது. பத்து சென்ட் புத்தகத்துக்காக ஊர்த் தாய்மார்களிடம் வம்பு வளர்க்க அவருக்கு என்ன தலையெழுத்து?

அந்த முத்திரை எதைக் காத்தது என்பதற்கு ‘ஜட்ஜ்மென்ட் டே’ என்ற ஈசி கதையே போதும். ஆரஞ்சு நிற ரோபோக்கள் நீல நிற ரோபோக்களை ஒதுக்கிவைக்கும் ஒரு கிரகத்தைச் சோதிக்க பூமியிலிருந்து ஒருவர் வருகிறார். கூட்டமைப்பில் சேரும் தகுதி இன்னும் வரவில்லை என்று சொல்லிக் கிளம்புகிறார். கடைசிக் கட்டத்தில்தான் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். கறுப்பின மனிதர், முகத்தில் வியர்வைத் துளிகள். மறுபதிப்பின்போது அவர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார் கோடு நிர்வாகி சார்லஸ் மர்ஃபி. ஊரறியச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டித்தான் கெய்ன்ஸ் அதை அச்சிட்டார். அதோடு காமிக்ஸ் புத்தகங்களைக் கைவிட்டார். அவரது ‘மேட்’ மட்டும் பத்திரிகை வடிவத்துக்கு மாறி, கோடின் எல்லைக்கு வெளியே பிழைத்துக்கொண்டது.

தொலைக்காட்சி வந்ததால்தான் காமிக்ஸ் சரிந்தது, தணிக்கையை ஏன் குறை சொல்ல வேண்டும் என்பவர்கள் உண்டு. தொலைக்காட்சி வாசகர்களை இழுத்தது உண்மை. ஆனால் டிஸ்னி கதைகளை வெளியிட்ட டெல் நிறுவனம் கோடில் சேரவே இல்லை. முத்திரை இல்லாமலே கடைகளில் தாராளமாக விற்றது. விநியோகஸ்தரின் நம்பிக்கை பெற்றவருக்கு முத்திரை தேவைப்படவில்லை. 1957-இல் அமெரிக்கன் நியூஸ் கம்பெனி விநியோகத்தைக் கைவிட்டபோது, பிற்பாடு மார்வெல் ஆன நிறுவனம் போட்டியாளரான டிசியின் விநியோக நிறுவனத்திடம் போய் நின்றது. மாதம் எட்டுத் தலைப்புகள் மட்டும் என்ற நிபந்தனைக்கு அது பணிந்தது எந்தத் தணிக்கையாளருக்கும் பயந்து அல்ல.

பிள்ளைகள் கண்ணில் வெட்டுண்ட தலை படக் கூடாது என்ற பெற்றோரின் கவலையை நான் கேலி செய்ய மாட்டேன். வெர்தாமும் வெறும் வெறியர் அல்லர். ஹார்லெமில் ஏழைகளுக்காக மனநல மருத்துவமனை நடத்தியவர். தன் ஆதாரங்களை அவர் திரித்தார் என்று ஆய்வாளர் கேரல் டில்லி 2012-இல் காட்டினார், அது மன்னிக்கத்தக்கதல்ல. ஆனாலும் வெர்தாம் கேட்டது பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கத் தடை. கோடு செய்ததோ எல்லா வாசகரையும் பதினைந்துக்குக் கீழே இறக்கியது. வளர்ந்தவர்களுக்கான காமிக்ஸ் ஒரு தலைமுறைக்குத் தள்ளிப்போனது.

கோடின் பல் விழுந்ததும் விற்பனை வழி மாறியதால்தான். 1970-களில் ஃபில் சூலிங் தொடங்கிவைத்த நேரடி விற்பனை முறையில், காமிக்ஸ் கடைக்காரர் கூடுதல் கழிவுக்கு வாங்குவார். விற்காததைத் திருப்ப முடியாது. தன் வாசகரை அறிந்தவருக்கு முத்திரை எதற்கு? 1984-இல் ‘ஸ்வாம்ப் திங்’ முத்திரையின்றி வந்தது. 2001-இல் மார்வெல் கோடை உதறியது. 2011-இல் டிசியும் ஆர்ச்சியும் விலக, அது செத்தது. இந்த விடுதலைக்கு விலை உண்டு. மருந்துக்கடை, மளிகைக்கடைச் சுழல்தட்டுகளிலிருந்து காமிக்ஸ் மெல்ல மறைந்தது. காசைச் சுண்டியபடி வந்த சிறுவர்கள் போனார்கள், காதல் கதை படித்த பெண்கள் அவர்களுக்கும் முன்பே போயிருந்தார்கள். மிஞ்சியவர்களில் சேகரிப்பவர் அதிகம். 1991-இல் ‘எக்ஸ்-மென்’ முதல் இதழுக்கு எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் ஆர்டர் வந்தது, பலரும் விலை ஏறும் என்று நம்பி வாங்கியதால். 1996-இல் மார்வெல் திவால் மனு கொடுத்தது.

சிறுமிகள் திரும்பி வந்தது புத்தகக் கடைகளும் பள்ளி நூலகங்களும் வழியாக. ரைனா டெல்கமையரின் ‘ஸ்மைல்’ போன்ற நூல்கள் அவர்களை அழைத்து வந்தன. வாசல் மாறியதும் தடையும் அங்கே குடிபெயர்ந்தது. 2021 முதல் 2023 வரை அமெரிக்க நூலகங்களில் அதிக எதிர்ப்பைச் சந்தித்த நூல் ‘ஜெண்டர் குயீர்’ என்ற சித்திர நினைவுக்குறிப்பு. 2022 ஜனவரியில் டென்னஸி மாநிலத்தின் மெக்மின் வட்டாரப் பள்ளி வாரியம் யூத இனப்படுகொலையைச் சொல்லும் ‘மௌஸ்’ சித்திர நூலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. சில வாரங்களில் அது அமேசான் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது.