குழந்தை நடக்கத் தாமதமானால் காலை மட்டும் பார்த்தால் போதுமா? புலன் குறைபாடுகளும் இயன்முறை சிகிச்சையும்

புதுடெல்லி: பத்து மாதமாகியும் குழந்தை தானாக உட்காரவில்லை என்று கவலைப்படும் பெற்றோருக்கு, "இவன் அப்பாவும் தாமதமாகத்தான் நடந்தான், பொறுத்துப் பார்க்கலாம்" என்ற ஆறுதலே முதலில் கிடைக்கிறது. பல குழந்தைகளுக்கு அது பலித்தும் விடுகிறது. ஆனால் மூளை முடக்குவாதமோ, பார்வை அல்லது செவித்திறன் குறைபாடோ உள்ள குழந்தைக்கு, அவ்வாறு காத்திருப்பில் கழியும் மாதங்கள்தான் மூளை மிக வேகமாகக் கற்றுக்கொள்ளும் மாதங்கள்.

எது இயல்பு, எது தாமதம்?

உலக சுகாதார அமைப்பு இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஆரோக்கியமான குழந்தைகள் பிடிமானமின்றி உட்காரும் காலம் ஏறக்குறைய 4 முதல் 9 மாதம் வரையிலும், தனியாக நடக்கும் காலம் 8 முதல் 18 மாதம் வரையிலும் பரந்துள்ளது. சுமார் 4 விழுக்காட்டினர் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலேயே நடக்கத் தொடங்கினர். எனவே பக்கத்து வீட்டுக் குழந்தையைவிட ஒரு மாதம் பிந்துவது நோயாகாது. இந்த எல்லையைத் தாண்டுவதுதான் கவனத்துக்குரியது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, எத்தனை வாரங்கள் முன்னதாகப் பிறந்ததோ அத்தனை வாரங்களை வயதிலிருந்து கழித்தே கணக்கிட வேண்டும்.

மாதக் கணக்கு மட்டும் போதாது. ஓராண்டு நிறைவதற்குள்ளேயே குழந்தை ஒரே கையை நீட்டி எல்லாவற்றையும் எடுத்தால், இடக்கைப் பழக்கம் அல்லது வலக்கைப் பழக்கம் என்று வீட்டார் மகிழ்வதுண்டு. அந்த வயதில் கைப்பழக்கம் உறுதிப்படுவதில்லை. மறு கை ஏன் வேலை செய்யவில்லை என்றுதான் கேட்க வேண்டும். தூக்கி நிறுத்தும்போது கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்வது, நான்கு மாதத்துக்குப் பின்னும் தலை நிற்காமல் சாய்வது, விரல்கள் எப்போதும் மூடியே இருப்பது ஆகியவையும் உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள்.

மூளை முடக்குவாதத்தை ஒன்று முதல் இரண்டு வயது வரை உறுதிசெய்ய இயலாது என்பதே முன்பு மருத்துவர்களின் வழக்கமான கருத்து. குழந்தையின் தன்னிச்சையான அசைவுகளைக் கூர்ந்து நோக்கும் சோதனை, நரம்பியல் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பல குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே கண்டறிய முடியும் என்பதை 2017-ல் வெளியான சர்வதேசப் பரிந்துரை தெளிவுபடுத்தியது. பெயர் உறுதியாகும் வரை சிகிச்சையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. ஐயம் எழுந்ததுமே தொடங்கலாம் என்பது அப்பரிந்துரையின் முக்கியமான கூறு.

கண்ணும் காதும் செய்யும் வேலை

குழந்தை தவழ்வதற்குத் தசை வலு மட்டும் போதாது. எதையேனும் அடைய வேண்டும் என்ற ஆசையும் வேண்டும். அந்த ஆசையைப் பெரும்பாலும் கண்களே தூண்டுகின்றன. பார்வையுள்ள குழந்தை நான்கைந்து மாதத்தில் பொருளை நோக்கிக் கை நீட்டுகிறது. பிறவியிலேயே பார்வையற்ற குழந்தைக்கு, ஒலி வரும் இடத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்பதை உணர்ந்து கை நீட்ட முதல் ஆண்டின் இறுதி வரைகூட ஆகலாம். குப்புறப் படுக்க வைத்தால், தலையை உயர்த்திப் பார்க்க எதுவும் இல்லாததால் அது அழுகிறது. பெற்றோரும் பரிதாபப்பட்டு மல்லாக்கப் படுக்க வைத்துவிடுகின்றனர். கழுத்தும் முதுகும் வலுப்பெறும் வாய்ப்பு அங்கேயே தவறிப்போகிறது. கால்களில் எந்தக் குறையும் இல்லாமலேயே நடை தாமதமாகிறது.

இத்தகைய குழந்தைக்கு இயன்முறை மருத்துவர் எளிய வழிகளையே கையாள்கிறார். தாயின் மார்பின் மீது குப்புறப் படுக்க வைத்துப் பேசச் செய்கிறார்; குரல் வரும் திசையை நோக்கித் தலை எழுகிறது. கிலுகிலுப்பையை முதலில் கையில் கொடுத்து, பின் சிறிது தள்ளி வைத்து ஒலிக்கச் செய்கிறார். வீட்டுப் பொருட்களை அடிக்கடி இடம் மாற்றாதிருக்கவும், தரையின் சொரசொரப்பையும் வழவழப்பையும் வெறுங்காலால் உணரச் செய்யவும் பெற்றோருக்குச் சொல்லித் தருகிறார்.

காதின் கதை வேறு. கேட்கும் உறுப்பும் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் உள்காதில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மூளைக்காய்ச்சல் போன்ற நோய்கள் இரண்டையும் ஒருசேரத் தாக்கக்கூடும். அதனால் செவித்திறன் குறைந்த சில குழந்தைகளுக்குத் தலை நிற்பதும் நடப்பதும் பிந்துகின்றன. பகலில் கண்ணின் துணையோடு சமாளிக்கும் அவர்கள் இருட்டிலும் மேடுபள்ளத்திலும் தடுமாறுகின்றனர். காக்ளியர் கருவி பொருத்துவது கேட்கும் திறனுக்கானது. சமநிலைக்குத் தனியே பயிற்சி தேவை. குறுகிய கோட்டில் நடப்பது, மெத்தை மீது நிற்பது போன்ற விளையாட்டுகளே அப்பயிற்சி.

குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரைப் பாதிப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், 34 வாரங்களுக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த 30 நாட்களுக்குள் கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் நெறி. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே தேவை. செவிப் பரிசோதனையை ஒரு மாதத்துக்குள் முடிப்பது நல்லது.

கையைக் காலை நீட்டி மடக்குவது சிகிச்சை ஆகுமா?

இயன்முறை சிகிச்சை என்றவுடன், படுத்திருக்கும் குழந்தையின் கை கால்களை வேறொருவர் நீட்டி மடக்கும் காட்சியே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. எண்ணெய் தேய்ப்பதையே சிகிச்சையாகக் கருதும் குடும்பங்களும் உண்டு. இதமாக இருக்கலாம்; ஆனால் பிறர் அசைக்கும்போது மூளை கற்பது குறைவு. குழந்தை தானே முயன்று, தவறி, மீண்டும் முயலும்போதுதான் நரம்புப் பாதைகள் வலுப்படுகின்றன. ஆகவே உட்காரக் கற்க உட்கார்ந்தும், எழக் கற்க எழுந்துமே பழக வேண்டும் என்ற இலக்கு சார்ந்த பயிற்சிக்கே இன்று ஆய்வுச் சான்றுகள் அதிகம். ஒரு பக்கம் மட்டும் பலவீனமான குழந்தைக்கு, நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு மறு கையால் விளையாடச் செய்யும் முறையும் இவ்வகையைச் சேர்ந்தது.

வாக்கர் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். குழந்தை நின்று தள்ளும் பழைய மர நடைவண்டி வேறு. இருக்கையில் உட்கார வைத்து உருட்டிவிடும் இன்றைய வாக்கர் வேறு. பின்னதில் குழந்தை நுனிக்காலால் உந்திப் பழகுகிறது. கெண்டைக்கால் தசை ஏற்கெனவே இறுகியிருப்பவர்களுக்கு இது கேடு.

"நடப்பானா?" என்பதே எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி. மூளையில் ஏற்பட்ட சேதத்தைச் சிகிச்சை நீக்குவதில்லை என்பதை மறைக்கக் கூடாது. இரண்டு வயதுக்குள் தானாக உட்காரும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிற்பாடு துணைக்கருவியுடனோ இல்லாமலோ நடக்கின்றனர். இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் அளவுகோல் 1997 முதல் வழக்கில் உள்ளது. ஐந்தாம் நிலையில் உள்ள குழந்தைக்கு இலக்கு நடையாக இருக்காது. வலியின்றி உட்காருவது, புரையேறாமல் உண்பது, விரும்பியதைக் கண்ணசைவால் சொல்வது ஆகியவையே அதன் வெற்றிகள். மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகத் தொடங்கும். தொடக்கத்தில் வலி தெரியாது என்பதால் குறிப்பிட்ட இடைவெளியில் எக்ஸ்ரே எடுப்பது கட்டாயம்.

யாரிடம் செல்வது?

மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. இதன்கீழ் அங்கன்வாடிக் குழந்தைகள் ஆண்டுக்கு இரு முறையும், அரசுப் பள்ளி மாணவர்கள் ஒரு முறையும் பரிசோதிக்கப்படுகின்றனர். குறை தென்பட்டால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றனர். கண், காது, பேச்சு, இயக்கம் அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் பார்ப்பதே அம்மையத்தின் நோக்கம். சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

நடைமுறையில் தூரம்தான் பெரும் தடை. வாரம் மூன்று நாள் மாவட்டத் தலைநகருக்கு வர வேண்டுமென்றால், தினக்கூலிக் குடும்பம் மூன்று நாள் கூலியை இழக்கிறது. சில வாரங்களில் வருகை நின்றுவிடுகிறது; அதைப் பெற்றோரின் அலட்சியம் என்று ஏட்டில் எழுதுவது நியாயமல்ல. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் உடை மாற்றும்போதும் செய்யக்கூடிய நான்கைந்து பயிற்சிகளைத் தெளிவாகக் கற்றுத்தந்து, மாதம் ஒருமுறை சரிபார்ப்பது இத்தகைய குடும்பங்களுக்குப் பொருந்தும். அச்சுமை முழுவதும் தாயின் தலையில் விழாதபடி தந்தைக்கும் பாட்டிக்கும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மூளை முடக்குவாதம், பார்வை மற்றும் செவித்திறன் குறைபாடு, ஆட்டிசம் உட்பட 21 வகைகளை அங்கீகரிக்கிறது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை வழங்குகிறது. வெளிநோயாளியாகப் பெறும் தெரபிக்கான செலவும் வரம்புக்குட்பட்டு இதில் அடங்கும். இதில் சேர மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தேவை.