குளத்தில் இடம் உண்டா?

"உங்கள் விருதுநகர்க்காரர்களுக்கு நீச்சல் எதற்கு ஐயா?" என்று தஞ்சாவூர் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வாய்க்கால் ஓடுகிறது. ஆகையால் அவர் சிரிக்கலாம். எங்கள் ஊர் நதிக்குக் கௌசிகா நதி என்று பெயர். பெயரில் உள்ள கம்பீரம் மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டுமே அதில் தென்படும். 1923-ல் விருதுபட்டி என்ற பழைய பெயர் விருதுநகர் என்று மாறியது. ஜலத்தின் நிலைமை மட்டும் மாறவில்லை.

ஆனால் நண்பர் கேட்ட கேள்விக்கு விடையும் அதிலேயே இருக்கிறது. வாய்க்கால் கரையில் பிறந்த குழந்தை நடக்கக் கற்கும்போதே ஜலத்தின் குணத்தையும் அறிந்துகொள்கிறது. எங்கள் சீமைக் குழந்தையோ வருஷத்தில் பத்து மாதம் ஜலத்தைக் குடத்தில்தான் பார்க்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு பெருமழை பெய்துவிட்டால் கண்மாயும், ஊருணியும், கல் வெட்டி எடுத்துவிட்டுப் போட்ட பள்ளங்களும் ஒரே வாரத்தில் நிரம்பிவிடுகின்றன. நேற்று வரையில் பந்து விளையாடிய பள்ளம் இன்று எவ்வளவு ஆழம் என்று பையனுக்குத் தெரியாது. குதித்துவிடுகிறான்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கின்படி 2021-ஆம் வருஷத்தில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 3,00,000 பேர் ஜலத்தில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் சுமார் பாதிப் பேர் முப்பது பிராயத்தை எட்டாதவர்கள். பள்ளிப் பிராயத்துக் குழந்தைகளுக்கு நீச்சலையும் ஜலத்தில் தற்காத்துக்கொள்ளும் முறையையும் கற்பிப்பது, அந்த ஸ்தாபனம் சொல்லும் பரிகாரங்களில் ஒன்று.

முன்னாட்களில் அதற்கு எங்களிடம் பள்ளிக்கூடம் இருந்தது. தோட்டத்துக் கிணறுதான் அது. உபாத்தியாயர் வேறு யாருமில்லை, தாய்மாமன்தான்! முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் ஒரு கயிற்றையும் போட்டுக் கிணற்றில் தள்ளிவிடுவார். அழுகை மூன்று நாள். நான்காம் நாள் நீச்சல். ஆழ்துளைக் கிணறுகள் வந்த பிறகு எத்தனையோ தோட்டத்துக் கிணறுகள் வற்றிவிட்டன. வாளி விட்டால் மண் அள்ளி வருகிறது. ஊர் நடுவே கடைவீதியில் தெப்பக்குளம் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அது மழைநீரைச் சேர்த்து வைக்கும் நிதி, பள்ளிக்கூடமாக்க முடியாது. ஆகவே மிஞ்சியிருப்பது டிக்கெட் வாங்கி இறங்கும் பொது நீச்சல் குளம் ஒன்றுதான்.

சென்ற கோடை விடுமுறையில் என் தங்கை மகனை அப்படி ஒரு குளத்துக்கு அழைத்துச் சென்றேன். எந்த ஊர்க் குளம் என்று சொல்லப் போவதில்லை. சித்திரை மாதத்தில் எல்லா ஊரிலும் ஒரே கதைதான். இருபத்தைந்து மீட்டர் நீளம்; அதற்குள் குழந்தைகள், அவர்கள் தகப்பனார்கள், வெயில் தாங்காமல் வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்து தவறி விழுந்தவர் போல் தோன்றிய ஒருவர். திருவிழாக் கூட்டத்தில் தேர் வடம் பிடிப்பதுபோல் இருந்தது. கையை நீட்டினால் யாருடைய மூக்கிலாவது படும். மருந்து நெடி வேறு கண்ணைக் கரித்தது. குளோரின் அதிகமாகிவிட்டது என்று பலரும் குறை சொன்னார்கள். உண்மையில் அந்த நெடி தனிக் குளோரினால் வருவதன்று. மனிதர்களுடைய வியர்வையும், சொல்லக் கூசுகிற இன்னொன்றும் குளோரினுடன் சேர்வதால் உண்டாவது. இறங்குமுன் சோப்புத் தேய்த்துக் குளித்துவிட்டு வாருங்கள் என்று எழுதி வைத்திருக்கும் பலகையைப் படிக்கிறவர்கள்தாம் இல்லை.

"இந்த நெரிசலில் பையன் என்னத்தைக் கற்பான்?" என்று பயிற்சியாளரிடம் அலுத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்கள். நீந்துவதற்குத்தான் இடம் வேண்டும், கற்பதற்கு ஒரு முழம் சுவர் போதும்" என்றார் அவர்.

பிறகு அவர் செய்ததை அருகிலிருந்து பார்த்தேன். குளத்தின் ஓரமாக ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி ஒரு தடம் பிரித்தார். சிறுவர்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்கச் செய்தார். வாயால் மூச்சை இழுத்து, முகத்தை ஜலத்தில் வைத்து, மெள்ள விடுவது இருபது தடவை. அப்புறம் மல்லாந்து மிதப்பது. கட்டையைப் போல் கிடப்பதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? அதன் பின் இருந்த இடத்திலேயே காலால் ஜலத்தை மிதித்துக்கொண்டு தலையை மேலே வைத்திருப்பது. கற்றுத் தேர்ந்த பையன்கள் தடத்தின் ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்பினார்கள். ஒருவன் புறப்பட்டு ஐந்து எண்ணிய பிறகுதான் அடுத்தவன். வேகமாக வருகிறவனுக்குச் சுவரருகே நின்று வழிவிட வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது. செக்குமாடு போல் அவர்கள் சுற்றியதில் ஒருவர் மேல் ஒருவர் மோதவே இல்லை. குளத்தின் மற்றப் பகுதியில் அமளி அப்படியே இருந்தது.

இப்படிப்பட்ட கோடைக்காலக் கூட்டத்திலிருந்து கிளம்பியவர்தாம் குற்றாலீசுவரன். சென்னைக் கடற்கரையில் உள்ள அண்ணா நீச்சல் குளத்தில், கோடை முகாமுக்கு வந்த பையன்களுள் ஒருவராகத்தான் பயிற்சியாளர் கண்ணில் பட்டார். 1994-ல், பன்னிரண்டு பிராயத்தில், ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு கடற்கால்வாய்களை ஒரே வருஷத்தில் நீந்திக் கடந்தார். 1966-ல் மிஹிர் சென் ஐந்து கடந்து ஏற்படுத்திய சாதனை அதனால் பின்தங்கியது. நம்முடைய பாக் ஜலசந்தியைக் கடக்க சென்னுக்கு 25 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது என்பதை நினைத்தால் இதன் பெருமை விளங்கும்.

நம் வீட்டுப் பையன் ஆங்கிலக் கால்வாய்க்குப் போக வேண்டாம். கண்மாயிலிருந்து கரையேறினால் போதும். அதற்கும் பயிற்சியாளர் ஒன்று சொல்லிக் கொடுத்தார். மூழ்குகிறவன் சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கூச்சலிடுவதில்லை. பெரும்பாலும் ஓசையின்றியே கீழே போய்விடுகிறான். கூட்டமான குளத்தில் அதனால்தான் ஆபத்து அதிகம். அவனைக் காப்பாற்றப் பயிற்சியில்லாதவன் குதித்தால் இரண்டு உயிர் போகும். வேஷ்டியை வீசு, கம்பை நீட்டு, மூடியை இறுக மூடிய காலி பிளாஸ்டிக் கேனைக் கயிற்றில் கட்டி எறி என்று எல்லாப் பிள்ளைகளையும் எறிந்து பார்க்கச் செய்தார்.

என் மனத்தை உறுத்திய விஷயம் வேறு. அந்தத் தடத்தில் இருந்த பதினேழு பேரில் பெண் குழந்தை ஒருத்திதான். குளத்தில் ஸ்திரீகளுக்கென்று தனி நேரம் உண்டாம். அந்த நேரமோ அடுப்பில் உலை கொதிக்கும் நேரம். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் காலையில் போகும் தாய்மார்கள் எப்படிக் குழந்தையை அழைத்து வருவார்கள்? பள்ளிக்கூடமே வண்டி வைத்து, வகுப்பு வகுப்பாக அழைத்து வந்தாலொழிய இது நடவாது. தேகப்பயிற்சிக்கென்று பள்ளியில் ஒதுக்கும் நேரத்தில் இதற்கும் சில நாட்கள் தரலாமே!

பன்னிரண்டாம் நாள் என் மருமகன் சுவரை விட்டான். இரண்டு கை வீச்சுத்தான். அதற்குள் யாரோ ஒரு பெரிய மனிதர் குறுக்கே வந்துவிட்டார். பையன் பயப்படவில்லை. மல்லாந்து மிதந்து, அவர் போகும் வரையில் காத்திருந்து, பிறகு திரும்பினான்.

ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே என்னிடம் கேட்டான்: "மாமா, நாளைக்கு விடியுமுன்பே வந்து வரிசையில் நின்றுவிடலாமா? தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வருவோம்."