பெட்ரோல் பங்க்கின் பின்னால் எத்தனை பட்டதாரிகள்!

வியாசர்பாடியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் நமக்கு எண்ணெய் என்பது புதிய பொருள் அன்று. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் சென்றால் டேங்கர் லாரிகள் வரிசை வரிசையாய் நிற்கும். மணலிப் பக்கம் இரவில் பார்த்தால் சுத்திகரிப்பு ஆலையின் உயர்ந்த குழாயில் தீ நாக்கு ஆடிக்கொண்டிருக்கும். காற்று திரும்பினால் அதன் வாடை வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் அந்த எண்ணெய்க் கம்பெனியில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில் என்ன? பங்க்கில் பெட்ரோல் போடும் அக்கா, லாரி ஓட்டும் மாமா, சிலிண்டர் கொண்டுவரும் அண்ணன். அத்துடன் நம் பட்டியல் முடிந்துவிடுகிறது. பட்டம் படித்த பெண் என்றால் ஆசிரியை, செவிலியர், வங்கிப் பணி என்றுதான் வீட்டில் பேச்சு. நம் வீட்டு வாசலிலேயே இருக்கும் இவ்வளவு பெரிய தொழிலில் ஒரு பட்டதாரிப் பெண்ணுக்கு என்ன இடம் இருக்கிறது என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதலில் கம்பெனியைப் பற்றிச் சில சொற்கள். எரிபொருள் விற்பதற்காக 1959-ஆம் ஆண்டில் நம் அரசாங்கம் இந்தியன் ஆயில் கம்பெனியைத் தொடங்கியது. சுத்திகரிப்பு ஆலைகளைக் கவனிக்க 1958-இல் தோன்றிய மற்றொரு நிறுவனத்துடன் அது 1964-இல் இணைந்தது. அதுவே இந்தியன் ஆயில் கார்ப்பரேஷன். பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்னும் அயல்நாட்டுக் கம்பெனிகள் எழுபதுகளில் அரசுடைமையாகி, பாரத் பெட்ரோலியமாகவும் இந்துஸ்தான் பெட்ரோலியமாகவும் மாறின. மணலி ஆலை 1965-இல் மெட்ராஸ் ரீஃபைனரீஸ் என்ற பெயரில் பதிவாகி, 1969-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆற்றலுடன் இயங்கத் தொடங்கியது. இன்று அது 105 லட்சம் டன். அதன் பெயர் 2000-இல் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என மாறியது; அடுத்த ஆண்டே இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமும் ஆயிற்று. நம் தாத்தா பாட்டிமார் இன்னும் அதை எம்.ஆர்.எல். என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது ஒரு வேடிக்கையான கணக்கு. இந்தியன் ஆயிலுக்கு நாடெங்கும் 35,000-க்கும் மேற்பட்ட பங்க்குகள் உண்டு. ஆனால் அக்கம்பெனியின் ஊழியர்களோ ஏறத்தாழ 30,000 பேர்தாம். பங்க்குக்கு ஒருவர்கூட வரவில்லையே, அப்படியானால் பெட்ரோல் போடுபவர் யார்? அவர் கம்பெனியின் ஊழியர் அல்லர். பங்க்கை நடத்தும் டீலரிடம் சம்பளம் பெறுபவர். சிலிண்டர் கொண்டுவருபவர் ஏஜென்சியின் ஆள். ஆலைக்குள்ளும் கிடங்குக்குள்ளும் நாள்தோறும் கேட் பாஸ் காட்டி நுழையும் நம் பகுதித் தந்தையர் பலர் காண்ட்ராக்டரின் கீழ் உழைப்பவர்கள். ஒரே வாசல், ஒரே தலைக்கவசம். ஆனால் மாதக் கடைசியில் கைக்கு வருவது வேறு, ஓய்வு பெறும்போது கிடைப்பது வேறு. இந்த வேறுபாட்டைக் குழந்தைகளாகிய நாங்கள் அறியாமல் இல்லை. கம்பெனியின் சொந்த ஊழியராக நுழையும் வழி பெரும்பாலும் படிப்பின் வழியாகவே திறக்கிறது என்பதால்தான் இதனை இவ்வளவு விரித்துச் சொல்கிறோம்.

சரி, பட்டதாரிகள் உள்ளே என்ன செய்கிறார்கள்? எங்களை மிகவும் கவர்ந்தது விற்பனை அதிகாரியின் வேலையே. ஓர் அதிகாரியின் பொறுப்பில் ஒரு வட்டாரத்துப் பங்க்குகள் பல இருக்கும். அவர் அலுவலக நாற்காலியில் அமர்ந்து கையெழுத்துப் போடுபவர் அல்லர். காரில் ஊர் ஊராய்ச் சென்று பங்க்குகளைச் சோதிப்பார். முதலில் அளவு. முத்திரை ஆய்வாளர் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவையில் பெட்ரோல் பிடித்துப் பார்ப்பார். குறைவு 25 மில்லி லிட்டருக்கு மேல் இருந்தால் அந்தக் குழாயில் விற்பனையை நிறுத்தவேண்டும். அடுத்து அடர்த்தி. கண்ணாடி ஜாடியில் எரிபொருளை ஊற்றி ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, 15 டிகிரி செல்சியஸுக்கு உரிய அடர்த்தியாக அதை மாற்றிக் கணக்கிடுவார். லாரியில் வந்த அன்று பதிவான எண்ணுக்கும் இதற்கும் ஒரு கன மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தால் கலப்படமோ என்று ஐயம் எழும். மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார். இயற்பியல் பாடத்தில் மிதத்தல் விதியைப் படிக்கும்போது இது எதற்கு உதவும் என்று முணுமுணுத்த தோழியரே, கேட்டீர்களா!

இன்னொரு செய்தி. வடிதாளில் ஒரு சொட்டுப் பெட்ரோலை விட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் ஆவியாகி, கறையின்றிக் காய்ந்தால் நல்லது. கறை தங்கினால் ஐயத்திற்குரியது. இந்தச் சோதனையையும் ஐந்து லிட்டர் சோதனையையும் எந்த வாடிக்கையாளரும் பங்க்கில் கேட்டுப் பெறலாம். நம் தந்தையருக்கும் ஆட்டோ ஓட்டும் மாமாக்களுக்கும் இதைச் சொல்லிவைப்பது நன்று.

விற்பனை அதிகாரிக்கு வேறு தொல்லைகளும் உண்டு. புதிய பங்க் எங்கே வைத்தால் வியாபாரம் நடக்கும் என்று சாலையில் செல்லும் வண்டிகளை எண்ண வேண்டும். டீலருக்கும் கம்பெனிக்கும் இடையே மனத்தாங்கல் வந்தால் தீர்க்க வேண்டும். மேலை நாடுகளில் பங்க்கென்றால் ரொட்டியும் பாலும் காப்பியும் விற்கும் கடையும் சேர்ந்தது. எண்ணெயைவிட அந்தக் கடையில் இலாபம் மிகுதி என்று சொல்லும் இடங்கள்கூட உண்டு. நம் நாட்டில் பாரத் பெட்ரோலியம் ‘இன் அண்டு அவுட்’ என்ற பெயரில் அப்படிப்பட்ட கடைகளை நடத்துகிறது. இந்தியன் ஆயில் கிராமங்களில் ‘கிசான் சேவா கேந்திரா’ என்னும் சிறு பங்க்குகளை அமைத்துள்ளது. வணிக நிர்வாகம் படித்தவர்களுக்கு இங்கே வேலை உண்டு.

சோதனைக்கூடம் வேதியியல் படித்தவர்களுக்கு உரிய இடம். பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். அதன் விழுக்காடு இருபதை எட்டிவிட்டது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் பொருள். ஆகவே தொட்டிக்குள் மழைநீர் புகுந்தால் அது பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் நம் தெருக்களில் நிற்கும் தண்ணீரை நினைத்தால் இந்த வேலையின் அருமை புரியும்.

ஆலையில் இரசாயனம், இயந்திரம், மின்சாரம், கருவியியல் ஆகிய பொறியியல் பிரிவினர் தேவைப்படுகிறார்கள். கச்சா எண்ணெயைப் பின்னக் காய்ச்சி வடிக்கும் கோபுரம் தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று பாராது இரவு பகலாக ஓடும். ஆதலால் ஷிப்டு முறை. முன்பு 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்களைக் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே ஆலையில் வேலை வாங்கலாம் என்று விதித்திருந்தது. பாதுகாப்புக்காக எழுதிய விதிதான். ஆனால் இராப்பணி பார்க்க முடியாதவள் என்று காரணம் காட்டிப் பெண்ணுக்கு வேலையையே மறுக்க அது வழியாயிற்று. 2000-ஆம் ஆண்டில் நம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. போக்குவரத்து, பாதுகாப்பு முதலிய ஏற்பாடுகளைச் செய்த பின்னரே பெண்களை இரவுப் பணிக்கு அமர்த்த வேண்டும் என்ற நிபந்தனைகளையும் விதித்தது. இதில் எங்கள் வகுப்பில் இரண்டு கட்சி. இரவுப் பணி வேண்டவே வேண்டாம் என்றனர் சிலர். மருத்துவமனையில் செவிலியர் இரவு முழுதும் விழித்திருக்கையில் ஆலையில் மட்டும் ஏன் கூடாது என்றனர் மற்றவர். நாங்கள் இரண்டாம் கட்சி.

பாதுகாப்புப் பொறியாளர், சுற்றுச்சூழல் பொறியாளர் என்னும் பதவிகள் நமக்கு எல்லாரினும் நெருக்கமானவை. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, இளைஞர்கள் வாளி வாளியாக அதை அள்ளியதை நம் வீட்டார் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பரவி, எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போயின. அதே மாத இறுதியில் தண்டையார்பேட்டை இந்தியன் ஆயில் வளாகத்தில், பற்றவைப்பு வேலை நடக்கையில் எத்தனால் தொட்டி வெடித்து ஒரு தொழிலாளர் உயிரிழந்தார். தொட்டியில் ஆவி இருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் எவரும் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது. அளந்து, எழுத்து மூலம் அனுமதி தந்த பின்னரே வேலை தொடங்க வேண்டும். அந்த அனுமதித் தாளில் கையெழுத்திடும் இடத்தில் கற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் இந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தால் இன்னும் ஒரு முறை அளந்து பார்ப்பார் என்பது எங்கள் நம்பிக்கை.

கணக்குப் பிரிவுக்குச் சார்ட்டர்டு அக்கவுண்டன்டுகள், சட்டப் பிரிவுக்கு வழக்கறிஞர்கள், மனிதவளப் பிரிவுக்கு அத்துறையில் முதுகலை பயின்றவர்கள் என இன்னும் பலரும் உண்டு.

நுழையும் வழியைக் கூறுவோம். பொறியியல் பட்டதாரிகளை அதிகாரிகளாக எடுப்பதற்குப் பல ஆண்டுகளாக ‘கேட்’ தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்தார்கள். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் தேர்வு அது. சில ஆண்டுகளில் கம்பெனியே கணினி வழித் தேர்வை நடத்துகிறது. அதன்பின் குழுக் கலந்துரையாடல், நேர்முகத் தேர்வு. அதிகாரியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ.50,000, படிகள் தனி. குறிப்பிட்ட ஆண்டுகள் பணியில் நீடிப்பதாகப் பத்திரமும் எழுதிக் கொடுக்க வேண்டும். பொறியியல் படிக்க வசதியில்லையே என்று வருந்த வேண்டாம். ஆலையில் ஜூனியர் எஞ்சினியரிங் அசிஸ்டென்ட் என்னும் பணிக்கு டிப்ளமோ படித்தவர்களையும், சில பிரிவுகளுக்கு பி.எஸ்ஸி. படித்தவர்களையும் எடுக்கிறார்கள். நம் வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியும், தரமணியில் தர்மாம்பாள் அரசு மகளிர் பாலிடெக்னிக்கும் எட்டாத தூரத்தில் இல்லை. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி பட்டதாரிகளுக்கு உதவித்தொகையுடன் பயிற்சியும் தருகிறார்கள். ஆனால் பயிற்சி முடிந்தால் வேலை நிச்சயம் என்று எண்ணிவிடக் கூடாது.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். குடும்பத்தின் முதல் பட்டதாரி பொறியியல் கலந்தாய்வின் வழியே சேர்ந்தால் தமிழக அரசு கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. தாசில்தார் அலுவலகச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைக்கவேண்டும். கடைசி நாளில் அலைவது வீண். மற்றொன்று, ‘உள்ளே நமக்கு ஆள் இருக்கிறது, இரண்டு லட்சம் கொடுத்தால் வேலை’ என்று தெருவுக்குத் தெரு சொல்லித் திரிபவர்களைப் பற்றியது. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தார்கள்; பணம் வாங்கியவரை அதன்பின் காணோம். எந்த அரசு எண்ணெய்க் கம்பெனியும் வேலைக்காகத் தரகர் வழியே பணம் வாங்குவதில்லை. அறிவிப்பு வெளிப்படையாக வரும். விண்ணப்பம் கம்பெனிக்கே நேராகப் போகும்.

பெண்கள் மேலே வர முடியுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர்கள் சொல்வோம். நிஷி வாசுதேவா 2014-இல் இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் தலைவரானார். உலோகவியல் பொறியியல் படித்த சுக்லா மிஸ்திரி, 2022-இல் இந்தியன் ஆயிலின் சுத்திகரிப்பு ஆலைகளுக்கெல்லாம் இயக்குநரானார்.

வீட்டில் எழும் கடைசிக் கேள்வி, ‘எங்கே போடுவார்கள்?’ என்பது. உண்மையைச் சொல்லவேண்டும்: இந்தியன் ஆயிலின் அதிகாரிக்கு இந்தியா முழுதும் பணியிடம்தான். முதல் ஊர் குவாஹாத்தியாகவும் இருக்கலாம், பானிபட்டாகவும் இருக்கலாம். மணலியை விட்டுப் போகமாட்டேன் என்னும் தோழியர் சென்னை பெட்ரோலியம் தனியே வெளியிடும் அறிவிப்புகளைப் பார்த்துவர வேண்டும்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி