பத்துக் கேள்விக்குள் ஒரு செடி

கொடைக்கானலில் பில்லர் ராக்ஸ் போகும் வழியில் பெயர் தெரியாத செடி ஒன்று பூத்து நிற்கிறது. பெயர் தெரிந்தால் அகர வரிசையில் தேடிவிடலாம். பெயரே தெரியாதபோது புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது?

இந்தச் சிக்கலுக்கு, கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் நல்ல விடை உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த பி.எஃப். ஃபைசன், நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றி 1915இல் ஒரு நூல் வெளியிட்டார். இந்தியத் தாவரங்களைப் பற்றிய ஜோசப் ஹூக்கரின் ஏழு தொகுதி நூல் அப்போதே இருந்தது. ஆனால் அது இமயம் முதல் குமரி வரை பரந்தது. கொடைக்கானலில் நிற்பவருக்கு அதில் பெரும்பகுதி தேவையில்லை. ஃபைசன் எல்லையைச் சுருக்கினார்: 6,500 அடிக்கு மேல் வளர்பவை மட்டும். படங்களைத் தனித் தொகுதியாக வைத்ததால் விளக்கத்தையும் படத்தையும் அருகருகே விரித்து ஒப்பிட முடிந்தது. அவருடைய மனைவி டயானா ரூத்தும் அந்தப் படங்களை வரைந்தவர்களில் ஒருவர்.

ஆனாலும் இத்தகைய நூல்களின் உயிர் 'திறவுகோல்' என்ற பகுதியில்தான் இருக்கிறது. பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் 1778இல் தம் நூலில் கையாண்ட முறை இது. ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி, இரண்டே விடைகள். ஒவ்வொரு விடையும் பாதிச் செடிகளைக் கழித்துவிட்டால், பத்துக் கேள்விகளில் 1,024 செடிகளைப் பிரித்தறியலாம்.

குறிஞ்சியை எடுத்துக்கொள்வோம். இலை நரம்பு இணைகோடுகளாக ஓடுகிறதா, வலைபோல் பின்னியிருக்கிறதா? வலை. இதழ்கள் தனித்தனியா, ஒட்டியவையா? ஒட்டி மணி வடிவில் இருக்கின்றன. இலைகள் மாறி மாறி வருகின்றனவா, எதிரெதிராகவா? எதிரெதிராக. துளசிக் குடும்பத்துக்கும் இதுவரை இதே விடைகள்தாம். இனிக் காயைப் பார்க்க வேண்டும். துளசியில் அது நான்கு சிறு கொட்டைகளாகப் பிரியும். குறிஞ்சியில் வெடிக்கும் காய். உள்ளே ஒவ்வொரு விதையையும் சிறு கொக்கி ஒன்று தாங்கியிருக்கும். அது ஆடாதோடையின் குடும்பம் என்பது உறுதியாகிவிடுகிறது.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் நூலாசிரியரின் திறமை இருக்கிறது. "இலை பெரிதா, சிறிதா?" என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். "எதிரெதிராகவா, மாறி மாறியா?" என்று கேட்டால் சிறுவனும் பேராசிரியரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். கையிலிருப்பதை வைத்தே விடை சொல்ல முடிவதும் முக்கியம். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும். 2006இலும் 2018இலும் கொடைக்கானல் சரிவுகளில் பூத்தது. பூவை மட்டும் நம்பிய திறவுகோல் இடைப்பட்ட ஆண்டுகளில் பூட்டைத் திறக்காது. இலையும் தண்டும் பேசும் கேள்விகளும் அதற்காகவே வேண்டும்.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தை நிறுவிய அருட்தந்தை கே.எம். மேத்யூ, 1999இல் பழனி மலைத் தாவரங்களை மூன்று பகுதிகளாகத் தொகுத்தார். உச்சியோடு நின்ற ஃபைசனின் பணி முழு மலைக்கும் விரிந்தது.

தகவல்களைக் குவிக்க உழைப்பு போதும். எதை முதலில் கேட்பது, எதைப் பிறகு கேட்பது என்று வரிசைப்படுத்த, தேடி வருபவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். அப்படி எழுதப்பட்ட நூல்தான், ஒரு செடியின் பெயரும் தெரியாதவரைக்கூடக் காட்டுக்குள் நம்பிக்கையோடு அனுப்புகிறது.