மணிக்கட்டு முறிந்தால் கடைக் கணக்கும் நிற்கும்

சென்ற ஐப்பசி மழையில், மேற்குத் தாம்பரத்தில் நமது கிடங்கு வாசலிலேயே வழுக்கி விழுந்தோம். டின்னிலிருந்து கசிந்த நல்லெண்ணெயும் மழை ஈரமும் கலந்து கிடந்ததைக் கவனிக்கவில்லை. விழும்போது எவரும் செய்வதையே நாமும் செய்தோம். வலது கையை ஊன்றினோம். மணிக்கட்டு முறிந்தது. நமது வணிகப் பெருமக்களில் அறுபதைத் தாண்டியவர் பலர் உண்டு. எனவே அனுபவத்தை எழுதுகிறோம்.

இவ்வகை முறிவை 1814-ல் டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நின்ற நிலையில் விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், அது மெலிந்திருக்கக்கூடும். பின்னாளில் இடுப்பு எலும்பு முறியாமலிருக்க, எலும்பின் அடர்த்தியைச் சோதித்துக் கொள்வது நல்லது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது இன்னும் அவசியம்.

"புத்தூர் கட்டு போதும் அண்ணாச்சி" என்றார் பக்கத்துக் கடைக்காரர். நாட்டு வைத்தியத்தை நாம் குறை கூறவில்லை. தாம்பரம் சானடோரியத்திலேயே 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. ஆயினும் எக்ஸ்ரே பார்க்காமல் எந்தக் கட்டும் கூடாது. மோதிரத்தை உடனே கழற்ற வேண்டும். மாவுக்கட்டு போட்ட கையை உயர்த்தி வைத்து, விரல்களை அசைத்துக் கொண்டே இருக்க வேண்டும். விரல் நீலமானாலோ, மரத்தாலோ, வலி பொறுக்க முடியாமற் போனாலோ நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். எல்லாம் முடிந்தது என்று எண்ணினோம். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தூக்க இயலவில்லை! இளஞ்சூட்டு நீரில் கையை மடக்கி நீட்டுவது, ரப்பர் பந்தை அழுத்துவது என்று மருத்துவர் சொன்ன பயிற்சிகளை விடாமல் செய்தோம். பிடிமானம் முழுதும் திரும்ப ஓராண்டுகூட ஆகலாமாம்.

இதைவிடப் பெரிய இடி வங்கியில் விழுந்தது. நடுங்கும் கையால் போட்ட காசோலை, 'கையெழுத்து வேறுபடுகிறது' என்று திரும்பியது. நாற்பதாண்டு நாணயம் ஒரு நாளில் தலைகுனிந்தது. சரக்கு தந்தவர் பெருந்தன்மையாகப் பொறுத்தார். இப்படித் திரும்பிய காசோலைக்கும், நோட்டீஸ் வந்தபின் பணம் கட்டாவிட்டால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவு பாயலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் கூறியுள்ளது. கையெழுத்திட இயலாத நோயாளி, இரு சாட்சிகள் முன் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ஆனால் தினசரி வியாபாரம் அப்படி நடக்குமா? மகனுக்குக் கையெழுத்து அதிகாரம் தர நாம் தயங்கினோம். 'நம் கை இருக்கும்வரை நாமே' என்ற வீம்புதான் காரணம். கை முறிந்த பிறகே வங்கியில் அதிகாரக் கடிதம் கொடுத்தோம். உறுப்பினர்கள் நலமாக இருக்கும்போதே இதைச் செய்து விடுங்கள்.

சிந்திய எண்ணெய் மீது மரத்தூள் தூவித் துடைக்க ஐந்து நிமிடம் போதும். துடைக்காததால் நமக்கு ஐந்து மாதம் போயிற்று.